மரம் வரையச் சொன்ன இடத்தில்

என் அன்புக் கலா,

இன்று காலை உன் தெருவை மூன்றாவது முறையாகச் சுவரில் எழுதிவிட்டு வந்தேன். நகக்கண்ணில் நீலப் பெயிண்ட். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்கிறாள் அம்மா. நான் துடைக்கவில்லை.

எந்தச் சுவர் என்று கேட்பாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாமாவின் பட்டுக்கடைப் பக்கச் சுவர். புடவை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் பையோடு வெளியே வந்ததும் கேட்பார்களே, இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று. அதற்குப் பதிலாகத்தான் நீ அந்த வரைபடத்தைப் போட்டாய். நில அளவை அலுவலகத்தில் நாளெல்லாம் அடுத்தவர் வயலுக்குக் கோடு. சாப்பாட்டு நேரத்தில் ஊருக்குக் கோடு. நீ போன பிறகு அதை மாமாவிடம் காட்டினேன். பிடித்துவிட்டது அவருக்கு. சுவர் முழுக்கப் பெரிதாக வரையலாம் என்றார்.

ஏழு இடங்கள். விடியற்காலைக் கோட்டை மைதானம், புடவைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு நடக்கும் பெண்கள். சாயப்பட்டறைத் தெருவில் மூங்கிலில் தொங்கும் ஈரப் பட்டு, அன்றைய நிறத்திலேயே ஓடும் சாக்கடை. தேவிகாபுரம் பஸ் நிற்குமிடத்தில் பத்தரைக்கு மேல் கிடைக்காத போண்டா. காட்டுக்குள் கண்ணாடியெல்லாம் போய்விட்ட கண்ணாடி மாளிகை. 'சுவரில் எங்கள் பெயரும் இருக்கிறது, தேடவும்' என்று அதற்குக் குறிப்பு. சந்தை. ஆற்றங்கரைக் கோயில். ஏழாவது, உன் மேட்டுத் தெரு: 'ஞாயிறு மாலை பெண்கள் ஆடும் கேரம். வெளியூர்க்காரர்கள் தோற்பது உறுதி.'

மாமா ஏழின்மேல் விரலை வைத்தார்.

"எல்லாம் நல்லாக்குதும்மா. இது மட்டும் எதுக்கு? அந்த எடத்துல ஒரு மரம் போட்டுடு."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் சொன்னார். இன்னும் அறுப்பது அதுதான்.

நம் ஊரில் வழி சொல்லும் விதம் உனக்குத் தெரியாததா? தரைப்பாலம் இறங்கி மேட்டுத் தெரு வழியாகப் போனால் கோயில் பத்து நிமிடம். அந்த வழியை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்ரோல் பங்க், மெயின் ரோடு, பெரிய பாலம் என்று அரை மணி நேரம் நடக்கவிடுவார்கள். நிலையத்து வாசலில் பூ விற்கும் தனம்மாளும் அப்படித்தான். சுற்றிக்கொண்டு போய்விடுங்கள், நல்ல ரோடு என்பாள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. சாதிப் பெயரை எடுப்பதில்லை. தெருப் பெயரையும் எடுப்பதில்லை. அவ்வளவுதான்.

நானும் எடுத்ததில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் எதற்கு?

பல்கலைக்கழகத்திலிருந்து என் நண்பர்கள் வந்த ஞாயிறு. நீ தெருமுனையில் கேரம் போர்டைத் துடைத்து, பவுடர் தூவிக் காத்திருந்தாய். உன் அம்மா கறி வறுத்து வைத்திருந்தார். நான் அவர்களைப் பெரிய பாலம் வழியாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. கால் பழகிய வழியில் போய்விட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அதே நண்பர்களோடு வகுப்பில் சமத்துவம் பற்றி மணிக்கணக்கில் பேசியவள் நான்.

மறுநாள் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அவ்ளோ வெயில்ல சுத்திக்கினு போனீங்களே, கால் வலிக்கலையாடி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், கலா? அந்த வாரம்தான் வரைபடம் போட ஆரம்பித்தாய். வெளியூர்க்காரர்களுக்கா போட்டாய்? எனக்கா?

ஓவியர் ஆறு இடங்களை வரைந்தார். ஏழாவது இடத்தில் ஒரு வேப்பமரம். அழகாகவே இருந்தது, இலை இலையாக. அடுத்த நாள் பத்து மணிக்கு, கடையில் கூட்டம் இருக்கும்போது, ஏணி போட்டு ஏறி மரத்தின்மேல் உன் தெருவை எழுதினேன். மாமா ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி சுண்ணாம்பு. அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் நெய்வது மாமாவின் கடைக்குத்தான். பயம் இருக்கிறது. உன்னிடம் நடித்து என்ன ஆகப்போகிறது?

இன்று மாமாவே வந்து ஏணிக்குக் கீழே நின்றார்.

"எறங்கு. போய்ச் சேந்தவளுக்காக இருக்கறவங்கள பேஜார் பண்ணிகினு கீறியே. எத்தினி வாட்டிதான் அழிக்கறது நானு?"

"அழிங்க மாமா. செவுரு உங்களுது. வழி உங்களுது இல்ல. நாளைக்கும் பத்து மணிக்கு வருவேன்."

திட்டிக்கொண்டே ஏணியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தார், நான் விழுந்துவிடக் கூடாதென்று. இந்த மனிதர்களை என்ன செய்வது, கலா?

அப்போது கடையிலிருந்து ஒரு குடும்பம் வெளியே வந்தது. கணவன், மனைவி, சிவப்புப் பையில் கல்யாணப் புடவை. சுவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டும் தனம்மாளிடம்தான் கோயிலுக்கு வழி கேட்டார்கள். அவள் பூ தொடுப்பதை நிறுத்தினாள். ஏணிமேல் நின்ற என்னைப் பார்த்தாள். கீழே மாமாவைப் பார்த்தாள்.

"மேட்டுத் தெரு வழியா போங்க. ஜல்தியா போய்டலாம். தோ, அந்தப் பொண்ணு எழுதிகினு கீதே, அதான்."

இத்தனை வருடத்தில் அவள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டார். ஏணியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. சிவப்புப் பை தரைப்பாலம் இறங்கி உன் தெருப் பக்கம் போவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளை மறுபடி சுண்ணாம்பு அடிக்கலாம். அடிக்கட்டும். சுவரில் இருப்பதை அழிக்கலாம். தனம்மாள் சொன்னதை எதைக் கொண்டு அழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை உன் தெருவுக்கு வருகிறேன். உன் அம்மாவிடம் சொல்லியாயிற்று. வா, வந்து தோற்றுவிட்டுப் போ என்றார். இனி யார் வழி கேட்டாலும் மேட்டுத் தெரு வழியாகத்தான் அனுப்புவேன். கோயிலுக்கு மட்டுமில்லை. போளூருக்குப் போகக் கேட்டாலும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று, உடனிருப்பவர் சீட்டில், என்ன உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினாய். நர்ஸ் நம் இரண்டு பேரின் முகவரியையும் மாறி மாறிப் பார்த்து, கூடப் பிறந்தவளா என்று கேட்டார். "ஆமாங்க," என்றாய் நீ. "ஆத்துக்கு அந்தாண்ட பொறந்துட்டா, அவ்ளோதான்."

அந்தாண்ட பிறந்துவிட்ட
உன் தங்கை,
ரேவதி