தப்பாகப் பேசும் விமானி

ஆகஸ்ட் 11

எங்கள் மலை ஊர் கோக்-ஜாரின் விமான நிலையம் மறுபடி திறக்கப் போகிறதாம். ஓடுபாதையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கெல்லாம் வெளியேறச் சொல்லி உத்தரவு போய்விட்டது. வானொலி அறையில் உட்கார ஒரு ஆள் தேவை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு, பாதையில் மாடு நிற்கிறதா என்றெல்லாம் விமானிக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆள். அந்த ஆள் கெங்கெஷ் என்பது, அதாவது நான் என்பது, வானத்துக்கே தெரியும்.

படையில் வயர்லெஸ். அதன்பின் டாக்ஸி நிலையத்தில் பதினெட்டு வருஷம் மைக். நான் "மூணாம் நம்பர் வண்டி!" என்று கூப்பிட்டால் சீன எல்லையில் இருக்கிறவன்கூட வண்டியைக் கிளப்புவான். இப்போது எல்லோரும் கைப்பேசியிலேயே டாக்ஸி பிடித்துக்கொள்கிறார்கள். வசந்தத்தில் நிலையத்தை மூடிவிட்டார்கள். மாபெரும் கெங்கெஷ் இன்று சைராவின் தையல் மிஷினுக்கு நூல் கோத்துக் கொடுக்கிறான். மனைவிதானே, பரவாயில்லை. ஆனால் எத்தனை நாள்?

இந்த வேலை எனக்குக் கிடைத்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 12

அவனும் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 14

அவன் என்றால் எசென்கூல். சைராவின் தங்கை நுரிலாவைக் கட்டியவன், என் சகலை. கல்யாண வீடுகளில் மைக் பிடித்து விருந்தை நடத்தி வைப்பது அவன் தொழில். அவன் குரலைத் தேன் என்கிறார்கள். தேன்! கைமாக் பாலாடையில் விழுந்த ஈயின் ரீங்காரம் என்று நான் சொல்வேன். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஆகஸ்ட் 18

மாமனார் வீட்டில் ஆடு வெட்டினார்கள். யாருக்கு எந்த எலும்பு என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூத்த மாப்பிள்ளை நான். இடுப்பெலும்பு என்னுடையது. மாமனார் அதை எடுத்தார், என் பக்கம் நீட்டினார், என் தட்டைத் தாண்டினார், எசென்கூல் தட்டில் வைத்தார். "விமான நிலையத்துக்குப் போகப் போற பிள்ளை, நல்லா சாப்பிடட்டும்."

நானும்தானே போகப் போகிறேன்? நான் என்ன, கழுதை மேய்க்கவா போகிறேன்?

அந்த எலும்பை அவன் கடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படையெடுக்க இதைவிடச் சின்னக் காரணங்கள் போதும்.

ஆகஸ்ட் 23

அக்காளும் தங்கையும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தேர்வுக்கான பாடப் புத்தகம் ஊரிலேயே ஒன்றுதான் இருக்கிறது. அதனால் இருவரும் சேர்ந்துதான் படிக்க வேண்டும். நான் மறுத்தேன். "அப்ப நூல் கோத்துக்கிட்டே இருங்க" என்றாள் சைரா. சரி என்றேன்.

எசென்கூலின் பிள்ளைகளுடைய பொம்மை வயர்லெஸ் இரண்டு. எங்களில் ஒருவன் வைக்கோல் போர் மேல் விமானி, மற்றவன் சமையலறையில் வானொலி ஆள்.

ஆகஸ்ட் 25

முதல் பயிற்சி. நான் வைக்கோல் மேல். "கோக்-ஜார், இறங்க வருகிறேன்" என்றேன். சமையலறையிலிருந்து தேன் வழிந்தது: "வாங்க விமானி அவர்களே! உடம்பு சுகமா? வீட்ல சுகமா? குழந்தை குட்டி எப்படி? ஆடு மாடு எப்படி? அந்தப் பக்கம் மழை உண்டா..." பொத்தானை அழுத்திக்கொண்டே பேசுகிறான். அவன் விடும்வரை இந்தப் பக்கம் யாரும் வாய் திறக்க முடியாது.

உள்ளே போய்க் கத்தினேன். "நீ நலம் விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள நான் மலையில முட்டிச் செத்துட்டேன்டா!"

"விசாரிக்காம எப்படி சகலை? மரியாதை இல்லையே."

அன்று இரவு மனம் நிறையத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 30

புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. வானொலி ஆள் காற்றழுத்த எண்ணைச் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறானா என்று வானொலி ஆள் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் விமானத்தின் உயரமானி வேலை செய்கிறது. எண் கூடிப்போனால், விமானி தன்னை உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தாழ்வாகப் பறப்பான்.

ஆஹா என்று எனக்குள் ஒரு சாத்தான் எழுந்து உட்கார்ந்தான்.

எசென்கூல் "ஐந்து ஒன்பது நான்கு" என்றான். நான் வைக்கோல் மேலிருந்து, கம்பீரமாக, "ஆறு பூஜ்யம் நான்கு" என்றேன். "ரொம்ப சரி!" என்றான் அசடு. மாட்டினான்! பாய்ந்து போய், நுரிலாவும் சைராவும் பார்க்க, அடுப்படியிலேயே செத்து விழுந்து காட்டினேன். "எண்பது பேரு! எண்பது பேரையும் கொன்னுட்டியே பாவி!"

நுரிலா சிரித்துச் சிரித்து மாவுச் சட்டியைக் கவிழ்த்தாள். எசென்கூலுக்குக் காது சிவந்தது. இடுப்பெலும்பில் பாதி திரும்பி வந்தது போல இருந்தது.

செப்டம்பர் 3

இன்று ஐந்து முறை கொன்றான்.

செப்டம்பர் 8

ஒரு முறைதான். பிசாசு, கவனிக்கக் கற்றுக்கொள்கிறான். விட்டுவிடுவேனா? இருமிக்கொண்டே தப்பாகச் சொன்னேன். முனகினேன். கிழவன் குரலில், மாமனார் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன். "தவறு. ஐந்து ஒன்பது நான்கு. திருப்பிச் சொல்லுங்கள்" என்கிறான். நலம் விசாரிப்பதும் நின்றுவிட்டது.

நான் வானொலி ஆளாக உட்காரும்போது அவன் விமானி. பாவம், அவனுக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் ஏது? நான் என்ன சொன்னாலும் பொன் போலத் திருப்பிச் சொல்லிவிட்டு, "பிரமாதம் சகலை! உங்க குரலுக்கு விமானம் தானா இறங்கும்!" என்கிறான்.

சைரா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அவரு உங்களுக்கு ஒரு தடவையாவது தப்பா சொல்றாரா?"

"அதுக்கெல்லாம் மூளை வேணும்" என்றேன்.

செப்டம்பர் 19

நேர்முகத் தேர்வு.

எப்படி எழுதுவேன்? முதலில் நான். நிலைய அதிகாரி குல்ஜாத் அம்மாள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். மேகத்தைப் பற்றிக் கேட்டார், மேகத்துக்கே தெரியாததைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு கையில் மைக். பக்கத்து அறையில் ஓய்வுபெற்ற விமானி ஒருவர், எழுபது வயசிருக்கும், விமானத்தில் வருவதாகப் பாவனை. எண்ணைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். தளர்ந்த பெரியவர் குரல்.

"மிகச் சரி, பெரியவரே" என்றேன்.

குல்ஜாத் அம்மாள் பேனாவை மூடினார்.

பெரியவர் எண்ணைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை! அவர் வாய் திறக்கும்போதே, அடுத்து நான் எவ்வளவு அழகாகப் பேசப் போகிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தப்பாக வரும் என்று யார் கண்டது? எனக்கு யாரும் தப்பாகச் சொன்னதே இல்லையே!

அடுத்து அவன். கதவுக்கு வெளியே கேட்டது. "தவறு. திருப்பிச் சொல்லுங்கள்." மூன்று முறை, கொஞ்சமும் தயவில்லாமல், அப்படியே என் தொனி.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, எனக்கும் ஒரு தடவை தப்பா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"பெரியவங்ககிட்ட தப்பா பேச எனக்கு நாக்கு வரல சகலை. நீங்க எனக்காக எவ்வளவு மெனக்கெட்டீங்க..." கண் கலங்கினான். நிஜமாகவே கலங்கினான். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 24

வேலை அவனுக்கு.

செப்டம்பர் 25

நூல் கோத்தேன்.

அக்டோபர் 6

அவனுக்குச் சீருடைத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். அவன் தலைக்கு அது பெரிசு. என் தலைக்குக் கச்சிதமாக இருந்தது. அவன் கை கழுவப் போனபோது போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 17

கண் வைத்தியத்துக்குத் தலைநகர் பிஷ்கெக் போயிருந்த சைரா இன்று விமானத்தில் திரும்பினாள். அழைத்துவரப் போனேன். மேகம் மலையின் இடுப்புவரை இறங்கிக் கிடந்தது. வானொலி அறையின் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. நான் போய் அதன் அடியில் நின்றுகொண்டேன். ஏன் நின்றேன்? அவன் ஒரு தப்புப் பண்ணுவான், கேட்டு வைத்துக்கொண்டால் மாமனாரிடம் சொல்லலாம் என்றுதான். வேறெதற்கு?

விமானச் சத்தம் மட்டும் வருகிறது, விமானம் தெரியவில்லை. எசென்கூல் எண்ணைச் சொன்னான். ஐந்து ஒன்பது ஒன்று. கரகரவென்று விமானி ஏதோ திருப்பிச் சொன்னான். கடைசியில் வந்தது ஒன்பதா? ஒன்றா? எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டேய் எசென்கூல், விட்டுடாதடா, உள்ள சைரா இருக்காடா, கேளுடா, நல்லா கேளு...

"தவறு. ஐந்து ஒன்பது ஒன்று. திருப்பிச் சொல்லுங்கள்."

சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷன் தப்புப் பண்ணக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

சைரா இறங்கி வந்தாள். "ஏன் மண்ணுல உக்காந்திருக்கீங்க?" என்றாள். "ஓடுபாதையை அளந்தேன்" என்றேன்.

எசென்கூல் வெளியே வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான். "சகலை, பனிக்காலம் வருது. ராத்திரி வீட்டுக்கு வர்றீங்களா? முன்ன மாதிரி வைக்கோல் மேல ஏறி... தப்பு தப்பா சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கம்பீரமாகத் தலையை ஆட்டினேன்.

இப்போது சைரா என் கம்பளிக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு ஒரு புது வித்தை வைத்திருக்கிறேன்: முதல் இரண்டு தடவை சரியாகச் சொல்வேன். மூன்றாவதில் பயல் செத்தான்.