அவர் பக்கத்து சுவிட்ச்

நவம்பர் 5, செவ்வாய்

"லைட் போதலை" என்று தினமும் காலையில் அவர் சொல்வது சாலையைப் பற்றியா, நான் ஓட்டுவதைப் பற்றியா? எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சில், தான் வேலை பார்க்கும் பம்பு நிலையத்தில் வலிப்பு வந்து விழுந்ததிலிருந்து அவர் வண்டி ஓட்டக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் நான்; இப்போது இடம் மாறிவிட்டது. ஏரிச் சாலையில் விளக்குக் கம்பங்கள் கிடையாது. அவருக்கு விடிகாலை ஷிப்ட். இருட்டில் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, என் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் மாதிரிகளோடு உட்காரும்போது தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது.

"முன்னாடி ரெண்டு எக்ஸ்ட்ரா லைட் போட்டுடலாம். அடுத்த மாசம் நானும் ஓட்டப்போறேன்ல" என்றார் இன்று.

டிசம்பர் பத்தாம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும். இடையில் எதுவும் வராமலிருந்தால் மறுபடி ஓட்டலாம் என்று கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதிக்காகத்தான் இவர் மூச்சு விடுகிறார்.

நவம்பர் 8, வெள்ளி

கடைக்காரர்: "ஃபாக் லைட் போடுங்க மேடம், எல்லாரும் அதான் போடுறாங்க."

"இங்கே மூடுபனியே விழாதே?"

"அதனால என்ன? பார்க்க எடுப்பா இருக்கும்ல."

வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்தேன். மூடுபனி விளக்கு தாழ்வாக, அகலமாக, கிட்டத்தில் மட்டும் வெளிச்சம் தருவது. பனியோ பெருமழையோ இருந்தால்தான் எரிய விடலாம். எங்களுக்கு வேண்டியது தூரத்துக்கு அடிக்கும் விளக்கு. அதை ஜோடியாக, ஒரே உயரத்தில் பொருத்த வேண்டும். ஹைபீமோடு மட்டுமே எரிய வேண்டும், டிம் போட்டதும் தானாக அணைந்துவிட வேண்டும்.

சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று வாகனச் சோதனை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தவர், போடவே கூடாது என்றார். அடுத்தவர், ரெண்டு வரைக்கும் போடலாம் என்றார். மூன்றாமவர், "எந்தக் கடையில வாங்கப் போறீங்க?" என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

விளக்கை அவரே தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, கடைக்காரரோடு முக்கால் மணி நேரம் வாதாடினார். நல்லவேளை, ஃபாக் லைட் இல்லை. இந்த மனிதரைப் பார்த்து வெகு நாளாயிற்று.

வயரிங் வேலை செய்பவரை எல்லோரும் "ஃபியூஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டியை அவரிடம் விட்டிருக்கிறோம்.

நவம்பர் 11, திங்கள்

சுவிட்ச் என் பக்கம் இல்லை. அவர் பக்கம், கதவை ஒட்டி.

"அண்ணன்தான் சொன்னாரு" என்றார் ஃபியூஸ். "உங்க கை ஸ்டியரிங்க விட்டு எடுக்க வேணாம்னு."

"டிம் போட்டா தானா அணையுமா?"

"அணையாதுக்கா. அண்ணன் அணைப்பாரு." ஏதோ நல்ல ஏற்பாடு செய்துவிட்டவர் போலச் சிரித்தார்.

வண்டியில் சொன்னேன், இது விதிப்படி செல்லாது என்று. "எப்ப அணைக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

போனில் மகள் சிரிசிரியென்று சிரித்தாள். "டிவி ரிமோட்டையே யார்கிட்டயும் தர மாட்டாரு. லைட்டைத் தருவாராம்மா?"

நவம்பர் 14, வியாழன்

"வர்றான்... டிம்." நான் டிம் போட, அதே நொடியில் அவர் பக்கத்தில் டிக். வண்டி கடந்ததும் மறுபடி டிக். சாலை, ஏரிக்கரையின் கடைசிப் புளியமரம் வரைக்கும் வெள்ளையாக விரிகிறது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நானா இப்படி எழுதுகிறேன்? — எனக்கும் பிடித்திருந்தது.

நவம்பர் 20, புதன்

விதிக்குப் புறம்பு. தினமும். தெரிந்தே.

நவம்பர் 26, செவ்வாய்

எப்படி எழுதுவது? நடந்தது நடந்தபடி.

வளைவு தாண்டி எதிரே ஒரு வேன். நான் டிம் போட்டேன். கூடுதல் விளக்கு அணையவில்லை. "அணைங்க" என்றேன். வேன்காரர் விளக்கை விட்டு விட்டு அடித்தார். "ஏங்க, அணைங்க!" அவர் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து, எப்படியோ ஏறிக்கொண்டது. அந்த ஆள் கத்தியது கண்ணாடியை மீறிக் கேட்டது. நியாயம்தானே.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன், ஏன் அணைக்கவில்லை என்று.

"அவன் மொதல்ல டிம் பண்ணலியே."

பண்ணினான். பண்ணினான் என்றுதான் நினைக்கிறேன். கண் கூசும்போது என்னத்தைப் பார்த்தேன்?

நவம்பர் 27, புதன்

வீம்பா? கை மறந்ததா? அல்லது அதுவா? சின்ன வலிப்பில் விழ மாட்டார்கள், சில நொடிகள் அப்படியே நின்றுவிடுவார்கள் என்று டாக்டர் முன்பு சொல்லியிருந்தார். ஆனால் முப்பது வருடம் ஓட்டியவருக்கு எதிரே வருகிறவன் மேல் கோபம் வராதா? ஒரே ஒரு மாதிரியை வைத்துத் தண்ணீர் கெட்டது என்று அறிக்கை எழுத மாட்டேன். இதற்கு மட்டும் எழுதிவிடலாமா?

இரண்டாவது மாதிரிக்காகக் காத்திருப்பதா? அடுத்த தடவை ஸ்டியரிங் அவர் கையில் இருந்தால்?

நவம்பர் 30, சனி

தனியாகப் போனேன். கூடுதல் விளக்கை ஹைபீம் நெம்புகோலோடு இணைத்துவிடச் சொன்னேன். ஃபியூஸ் தலையைச் சொறிந்தார். "அண்ணன் கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

"சட்டம்னு சொல்லுங்க."

டிசம்பர் 2, திங்கள்

இருட்டில் கிளம்பினோம். சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் எரியவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். நான் ஹைபீம் போட்டேன், எல்லாம் எரிந்தது.

கடைசிப் புளியமரம் தாண்டியதும், "இப்ப சட்டப்படி இருக்கா?"

"இருக்கு."

"நல்லது."

அந்த வேனைப் பற்றி நான் பேசவில்லை. சட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு வசதியான இடம்!

டிசம்பர் 9, திங்கள்

நாளை டாக்டர். சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லும்மா" என்கிறாள். பார்த்ததை மட்டும் சொல்வது போல ஒரு பொய் உண்டா என்று யோசிக்கிறேன். சொன்னால் கடிதம் கிடைக்காது. சொல்லாவிட்டால் கிடைத்துவிடும். இரண்டில் எது எனக்குப் பயம்? வாய் திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

"மறுபடி ஏதாவது வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க" என்றார் இவர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கூடவே இருக்கிறவங்க நீங்கதானே. எதாவது கவனிச்சீங்களா?"

சொன்னேன். எதிரே வேன் வந்தது, விளக்கை அணைக்கச் சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன், விரல் சுவிட்ச் மேலயே இருந்தது, அணைக்கல. "அது என்னன்னு எனக்குத் தெரியாது டாக்டர்" என்றேன்.

இவர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் இல்லை, டாக்டரிடம் சொன்னார்: "எனக்கு அந்த வேன் வந்ததே ஞாபகம் இல்லைங்க. இவ கேட்டப்பதான் ஏதோ வந்திருக்கும்னு தெரிஞ்சது. சும்மா ஒரு பதில் சொன்னேன்."

மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கடிதம் இல்லை. இன்றிலிருந்து மறுபடி முதல் நாள்.

திரும்பும்போது நல்ல வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். கியரை மாற்றாமலே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்; வண்டி உறுமித் திணறியது.

"ரெண்டாவது போடு" என்றார் அவர், மெதுவாக. "வண்டி அழுவுது."

போட்டேன்.