படிப்பகத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. சயான் பக்கம் தண்ணீர் தேங்கியதால் பள்ளி அரை நாள்.

இந்த நோட்டில் உண்மையை மட்டும் எழுதப்போகிறேன். ஒன்றையும் விடாமல். ஏனென்றால் இன்னொரு இடத்தில் நான் எழுதுவது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. சங்கத்தின் பேஜில் இன்று போட்டது: "மழையிலும் குறையாத வாசிப்பு ஆர்வம்!" சங்கத்தின் மாடி அறைப் படிப்பகத்தில் இருந்தவர்கள்: நான். மாடிப்படியில் நனைந்த நாய் ஒன்று.

பேஜை என்னிடம் கொடுத்தவர் சங்கச் செயலாளர் அண்ணாச்சி. எங்கள் சந்தில் தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது படிப்பது நான் ஒருத்திதானாம். சங்கத்தின் பழைய ஃபோன் தினமும் மாலையில் என் கையில். போகும்போது டிராயரில் வைத்துவிட வேண்டும்.

அண்ணாச்சி இன்று சொன்னது: "ஏளா மகேசு, இருபதாம் தேதி கமிட்டி. கீழ பேக் தைக்கிற கார்கானாக்காரன் ரெக்சின் அடுக்க இந்த ரூமக் கேக்கான். ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் நான் வாயத் தெறக்க முடியும். பேஜுல எதையாவது போட்டு நாலு பேர வர வையி."

வீட்டில் ஒரே அறை. டி.வி., அம்மாவின் தையல் மெஷின், தம்பி, தம்பியின் பந்து. படிப்பகம் போனால் எனக்குப் படிக்க இடமில்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

மழை விட்டுவிட்டு. கணக்கு டெஸ்ட் சுமார். குடைக் கம்பி உடைந்தது.

அழைப்பு போட்டேன். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, ஜன்னலோரப் புத்தக அலமாரியின் படம். "சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்." இரண்டு மணி நேரம் பிடித்தது. லைக் வந்துகொண்டே இருக்கிறது. செம்பூர், மாட்டுங்கா, குவைத்தில்கூட ஒருவர்.

முதல் ஹார்ட் எப்போதும் நஸ்ரினுடையது. பாண்டுப்பில் இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். ஃபோட்டோ இருக்க வேண்டிய இடத்தில் பூனை. நான் எதைப் போட்டாலும் உடனே ஹார்ட். நான் எழுதியதை எல்லாம் வாசிக்கிற ஆள் எனக்கு இதுவரை இருந்ததில்லை. பள்ளியில் என் பெஞ்சில் நான் மட்டும். சரோஜா போன வருடம் இங்கிலீஷ் மீடியம் போய்விட்டாள்.

ஜன்னலோரம் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவைத்தேன். நஸ்ரினுக்கு.

ஜூலை 12, சனி

ஐந்து மணி. யாருமில்லை. ஐந்தரை. யாருமில்லை.

நஸ்ரினுக்கு எழுதிக் கேட்டேன், ஏன் வரவில்லை என்று. குரலில் பதில் வந்தது. மூன்று முறை கேட்டேன்.

"அக்கா, ஸாரி. நீங்க எழுதுனது எனக்கு படிக்க வராது. வீட்ல தமிழ்தான் பேசுவோம், ஆனா படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். உங்க எழுத்து பாக்க அழகா இருக்கும், அதான் ஹார்ட் போடுவேன். இன்னைக்கு ஏதாச்சும் ஃபங்ஷனா?"

கீழே இறங்கினேன். படியில் கார்த்தி, முருகன். இருவரும் லைக் போட்டவர்கள்.

"ஏல, படத்துல என்ன எழுதிருந்துச்சு?"

"தெர்ல. பொங்கல் விஷ்ஷு இல்லையா?"

"ஜூலைல பொங்கலாக்கும்!"

"அரே, கலர் மஞ்சளா இருந்துச்சு, போட்டேன். லைக் போட்டதுக்கு சண்டைக்கு வாறியே?"

சந்து முழுக்கத் தமிழ் பேசுகிறது. எழுதினால் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் குவைத்தில் இருக்கிறார்கள். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா? முட்டாள்.

ஜூலை 14, திங்கள்

வெயில்! துணி காய்ந்தது.

இனி எழுத்து வேண்டாம், குரல். அலமாரியிலிருந்து அட்டை போன நாவல் ஒன்றை எடுத்தேன். ஒரு பெண் காணாமல்போன தன் தம்பியைத் தேடி ஊர் ஊராகப் போகிற கதை. முதல் அத்தியாயத்தை வாசித்து, தம்பி ரயிலில் ஏறும் இடத்தில் நிறுத்தி, "மீதி படிப்பகத்தில்" என்று முடித்தேன். பேஜிலும் சங்கத்தின் குரூப்பிலும் போட்டேன்.

என் யோசனை எனக்கே பிடித்திருந்தது. மீதி கேட்க வந்துதானே ஆக வேண்டும்?

ஜூலை 15, செவ்வாய்

யாரும் வரவில்லை. எல்லாருக்கும் கோபம். குரூப்பில் குரலில் வந்தவை:

- மீதியைப் போடும்மா
- அந்தப் பையன் என்ன ஆனான்
- பாக்கி கிதர் ஹே?
- டூட்டி முடிஞ்சு படி ஏறி யாரு வருவா, இங்கயே போடு தாயி

அண்ணாச்சி வந்தார். "ஆளுங்க கோவிக்காவ. எங்க வீட்டுக்காரி ராத்திரி சோறு போடாம பையன் கெடச்சானான்னு கேக்கா. போட்டுரு."

போட்டேன். தினம் ஒரு அத்தியாயம் என்று ஒப்புக்கொண்டேன். நஸ்ரினிடமிருந்து பதினோரு ஹார்ட். "அக்கா, டிரெய்ன்ல கேட்டேன். குர்லாவுல எறங்க மறந்துட்டேன்!"

சந்தோஷமாக இருந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

பலத்த மழை. ரேஷனுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கார்கானா வாசலில் என் குரல். உள்ளே ஆறேழு பேர், மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ பேச, மற்றவர், "அரே சுப்! கேக்க வுடுவே."

வெளியே நின்றேன். என் குரல் வேறு யாருடையதோ போல. கொஞ்சம் மூக்கால் பேசுகிறேன் போலிருக்கிறது.

ஒருவர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். "என்னம்மா, மழைக்கா நிக்க? உள்ள தள்ளி நில்லு."

"இல்லண்ணே, போறேன்."

அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கமிட்டி.

நஸ்ரின் வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் வந்த செய்தியை டிராயரைத் திறந்ததும் பார்த்தேன்: மெகா பிளாக், தண்டவாள வேலை, டிரெய்ன் இல்லை, வாப்பா பஸ்ஸில் விடமாட்டேன் என்கிறார். உண்மையாகத்தான் இருக்கும். ஞாயிறு என்றால் பிளாக்தான்.

கமிட்டிக்கு ஐந்து பேர். அவர்களைத் தவிர நான். டீ கொடுத்தேன். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஃபோனைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, சான்பாடாவுல கேக்காவ, செம்பூர்ல கேக்காவ. சங்கம் ஆரம்பிச்சு இத்தன வருசத்துல இந்த ரூமுக்கு வந்தவங்களவிட ஜாஸ்தி. எல்லாம் இந்தப் புள்ள வேல."

ஒரு பெரியவர், "அப்ப ரூம் எதுக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அறையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு. ஒன்றாம் தேதியிலிருந்து ரெக்சின்.

அண்ணாச்சி ஃபோனை என் கையில் வைத்து அழுத்தினார். "இனி இது உங்கிட்டயே இருக்கட்டும். மழையில நனைஞ்சு வராண்டாம். வீட்டுலேர்ந்தே பேசு."

"வீட்டுல எங்க அண்ணாச்சி?"

"ஏதாவது மூலையில ஒக்காந்து பேசு. ஒனக்கென்ன, குரல்தான!"

கைதட்டினார்கள். டம்ளர்களைக் கழுவினேன்.

ஜூலை 23, புதன்

வீட்டில் முயன்றேன். அம்மா மெஷினை நிறுத்தினாள், பாவம். பக்கத்து வீட்டு சீரியல் நிற்கவில்லை. தம்பி சிரித்தான். குக்கர் இரண்டு விசில். அப்படியே போட்டேன்.

வந்த பதில்: "குக்கர் சத்தம் சூப்பர், நம்ம வீடு மாதிரி இருக்கு."

நஸ்ரினுக்குக் குரலில் சொன்னேன். நான் உனக்கு அக்கா இல்லை, ஒன்பதாவதுதான் படிக்கிறேன். ஒன்றாம் தேதிக்குள் ஒரு நாள் வா, நாம் இரண்டு பேரும் படிப்பகத்தில் உட்காரலாம்.

"ஐயோ, ஒன்பதாவதா! வாய்ஸ் பெரிய ஆள் மாதிரி இருக்கு. ஆனா அங்க வந்து என்ன பண்றது? எங்க இருந்து கேட்டாலும் அதே கதைதானே. நீ டெய்லி போட்ரு, ப்ளீஸ். தம்பி கெடைச்சானா?"

ஹார்ட் போட்டேன். வேறென்ன போடுவது?

ஜூலை 31, வியாழன்

காலையில் தூறல், மாலையில் கொட்டுகிறது.

புத்தகங்கள் பெட்டிகளில். மாடிப்படிக்கு அடியில் வைக்கப்போகிறார்கள். நாவலின் கடைசி அத்தியாயத்துக்காக ஃபோனுடன் படிப்பகம் வந்தேன். வாசிக்க முடியவில்லை. பதிவை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். மழை தகரத்தில் விழுவது, ஜன்னல் கொக்கி ஆடுவது, நான் ஒரு தடவை மூக்கை உறிஞ்சியது. முழு அத்தியாய நீளத்துக்கு. அதையே போட்டுவிட்டேன்.

உடனே நஸ்ரின்: "ஆடியோ வரலையே? திரும்பப் போடு."

பிறகு குவைத்: "சத்தம் இல்லை."

அண்ணாச்சி கீழேயிருந்து, "ஏளா, முடிஞ்சுதா? கார்கானா ஆளு சாவிக்கு நிக்கான்."

இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் என்று நினைத்தேன். முடியாது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள், விளக்கு போய்விட்டது