நாற்பதாம் வரிசைக் கத்தரி

நாள் 412, 06:10
செவ்வாய்க் கோள், தெற்குப் பண்ணைக் கூடாரம். வெப்பம் 26, ஈரப்பதம் 64. பதிவு: இசக்கியம்மாள், கத்தரி இனவிருத்தி. வேறு ஆள் இல்லை.

நாற்பதாம் வரிசை மாவுக்கத்தரி, செடிக்கு ஏழு கிலோ. உருளைக்கிழங்கு செத்த பிறகு குடியிருப்பில் அறுபத்து மூன்று பேருக்கும் இதுதான் சோறு. இடம் போதவில்லை. மற்ற இன வரிசைகளை இன்று பிடுங்கி அரைத்து உரத்தொட்டியில் போட்டேன். முள்ளுள்ளது, கசப்பது, சுண்டைக்காய் அளவில் காய்ப்பது, எல்லாம் தொலைந்தது.

குடியிருப்பில் சமையல் என் தம்பி சுடலைமுத்து. அவன் செய்தி: "யக்கா, இப்பந்தான் முள்ளு கையக் கிழிக்காத காயா அனுப்புத. பிள்ளைய எல்லாம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குது."

நாள் 431, 13:20
பதினேழாம் பாத்தியில் ஒரு செடி நட்டநடுப் பகலில் துவண்டது. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. தண்டை நறுக்கிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினேன். வெட்டுவாயிலிருந்து பால் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய். எல்லாப் பாத்திக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது.

நாள் 439, 09:00
ஆயிரத்து நூறு செடிகளில் தொள்ளாயிரம் போயிற்று. எல்லாம் ஒரே அச்சு. ஒன்றைக் கொல்வது எல்லாவற்றையும் கொல்லும் என்பது முதலாண்டு மாணவிக்கே தெரியும். முனைவர் பட்டம் வாங்கிய நான் விளைச்சல் எண்ணைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிடுங்கிப்போட்ட நோஞ்சான்களில் ஒன்றாவது தாங்கியிருக்கும். அவற்றின் சேமிப்பு விதையும் குளிர்பெட்டி நின்ற மாதமே கெட்டுப்போனது.

குடியிருப்புக்கு அனுப்பியது: "சுமைவண்டி பழுது. காய் தாமதமாகும்."
கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் தீரும். வரட்டும். அதற்குள் ஏதாவது செய்கிறேன்.

நாள் 446, 07:30
மீதி இருநூறும் போயிற்று. ஒரு செடி மட்டும் நிற்கிறது! மூன்றாம் பாத்தி ஓரத்தில், இலையெல்லாம் முள். நான் பிடுங்கத் தவறிய வேற்றினக் கலவன். நோய்த் தண்ணீரையே குடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு காய். கிளை நறுக்கியும் நட்டுப் பார்க்கிறேன். காய் பழுத்தால் எழுநூறு விதை தேறும். விதைத்த நான்காம் மாதம் அறுவடை. குடியிருப்பில் அரைவயிற்றுக்குக் கையிருப்பு ஐந்தரை மாதம். கப்பல் வரப் பதினான்கு மாதம்.

செத்த செடிகளை அகற்றிப் பாத்திகளைக் கழுவத் தொடங்கினேன். என் சாப்பாட்டைப் பாதியாக்கினேன்.

நாள் 478, 11:05
காயில் மஞ்சள் ஏறுகிறது. கிளை நறுக்கி நட்டவை அழுகிவிட்டன. செடி காய்ந்துவிட்டது, நோயால் அல்ல, மூப்பால். உடம்பு எலும்பாய் இளைத்துவிட்டது. பயமாக இருக்கிறது.

வந்த செய்தி: "யக்கா, மூணு நாளா பதிலே இல்ல. நான் பொறப்பட்டு வாரேன்."
வேண்டாம் என்று அனுப்பினேன். சொன்னால் கேட்கிறவனா அவன்.

நாள் 484, 15:40
காலையில் வந்தான். என்னைப் பார்த்ததும் அழுதான். பாத்தியெல்லாம் ஏன் காலி என்றான். அடுத்த பயிருக்குக் கழுவி வைத்திருக்கிறேன் என்றேன். விதை கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். கொஞ்சம் படு என்றான். படுத்தேன்.

எழுந்தபோது தாளித்த வாசனை. தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"பட்டுப்போன செடியில ஒத்தக் காயி மஞ்சளாத் தொங்குச்சு. முத்தல்தான், வீணாப் போவாண்டாமேன்னு பறிச்சு வதக்கிட்டேன். நீ ஒழுங்காத் தின்னு எத்தன நாளாச்சோ."

விதைக்கு விட்ட காயில் துணி கட்டுவது எங்கள் வழக்கம், யாரும் பறிக்கக்கூடாது என்று. ஆளில்லாத இடத்தில் யாருக்காகக் கட்டுவது என்று விட்டிருந்தேன்.

விதைகளை விரலால் நசுக்கிப் பார்த்தேன். எல்லாம் வெந்திருந்தன.

"உப்பு போதுமா யக்கா?"
போதும் என்றேன். தின்று முடித்தேன். அவன் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்கிறான்:
"அடுத்த காய் எப்ப வரும்? பிள்ளையளுக்குப் போய்ச் சொல்லணும்."
நான்கு மாதம் என்றேன்.