உங்கள் தோளில் என் கவுன்

அண்ணே,

இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் என் பழைய வக்கீல் கவுனிலிருந்து கருவாட்டு வாசனை கிளம்பியதாம். தெருமுனை இஸ்திரிக்காரர் அதை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னா சார், கோர்ட்டுக்குப் போனீங்களா, மீன் மார்க்கெட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எத்தனை முறை வெளுத்தும் போகாத அந்த வாசனைக்குப் பொறுப்பாளி நீங்கள்தான். நாளை வக்கீல் சங்கத்தில் உங்கள் படத்தைத் திறக்கிறார்கள். எம்.எல்.ஏ.வாகவும் வக்கீலாகவும் நீங்கள் ஆற்றிய சேவையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சேவையாம்! சொந்தமாக ஒரு கவுன்கூட வாங்காத மனிதர் என்பதை யார் சொல்வது?

சட்டசபையிலிருந்து ரயிலேறி நேராகப் பொன்னேரி கோர்ட்டுக்கு வருவீர்கள். பையில் தொகுதி ஜனங்களின் மனுக்கள் பிதுங்கும். கறுப்புக் கோட்டு இருக்கும், கவுன் இருக்காது. "குடுய்யா, உன் கவுன்ல பேசினாத்தான் எனக்கு ராசி" என்று என் தோளிலிருந்தே உருவிக்கொள்வீர்கள். எதிர்த் தரப்பு வக்கீல் நான் என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் பேசி உட்கார்ந்ததும் கவுன் என்னிடம் வரும், நான் முடித்ததும் உங்களிடம் போகும். முன்சீப்பும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. அவை வேண்டுமென்று சட்டசபையில் தொண்டை கிழியக் கேட்டவர் நீங்கள். அதில் ஒரு கம்பெனி சுற்றுச்சுவர் எழுப்பியபோது, குப்பத்து ஜனங்கள் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகும் பாதை சுவருக்குள் மாட்டிக்கொண்டது. சுற்றிக்கொண்டு வந்தால் சந்தைக்கு வருமுன் மீன் கெட்டுவிடும். கம்பெனிக்கு நான் வக்கீல். குப்பத்துக்கு நீங்கள், ஃபீஸ் இல்லாமல். கம்பெனிகளைக் கூட்டிவந்தவரே நமக்காகவா பேசப்போகிறார் என்று குப்பத்தில் பாதிப் பேருக்குச் சந்தேகம். மீன் விற்கும் கன்னியம்மாதான் அவர்களைச் சமாதானம் செய்து கோர்ட்டுக்கு அழைத்து வந்திருந்தார்.

நீங்கள் பேசி முடித்து, வழக்கம்போல் கவுனைக் கழற்றி என்னிடம் நீட்டினீர்கள். பின்னாலிருந்து ஒரு அலறல்.

"அய்யய்யோ! இன்னா சாமி, நம்ம அங்கியக் கழட்டி அவங்க ஆளாண்ட குடுத்துட்டியே! கேச வித்துட்டியா?"

கன்னியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழ, குப்பமே எழுந்து வெளியே போகத் தொடங்கியது. உங்கள் முகம் வெளிறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தேர்தலில் தோற்றபோதுகூட அப்படி இல்லை.

"உக்காரும்மா. அது அவரோட அங்கிதான். நான்தான் இரவல் வாங்கிக்கினு திரியறேன்" என்றீர்கள்.

"அப்ப அது இல்லாம பேசு, பாக்கறேன்."

அதற்கு முன் என் முறை, நான் பேசினேன். சட்டசபையில் தொழிற்சாலை கேட்டு நீங்கள் பேசிய பேச்சையே எடுத்து உங்களுக்கு எதிராகப் படித்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே நினைப்பு. பிறகு நான் கவுனைக் கழற்றி நீட்டியும் நீங்கள் வாங்கவில்லை. முன்சீப்பிடம் அனுமதி கேட்டு, வெறும் கோட்டோடு எழுந்தீர்கள்.

"அந்தப் பேச்சு என்னுதுதான், கனம் கோர்ட்டாரே. ஃபேக்டரி கேட்டேன். செவுரு கேட்டேனா? அது பேச்சுல எந்தப் பக்கத்துல இருக்குன்னு நண்பரைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன், சுவர் எங்குமே இல்லை. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பாதையை மறிக்கக் கூடாது என்று தீர்ப்பானது. தோற்ற என்னிடமே அன்றும் கவுனை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனீர்கள். கன்னியம்மா உங்களைப் பார்த்து, "இப்ப போட்டுக்கோ" என்று சிரித்து, முந்தானையில் முடிவதுபோல் கவுன் முனையில் ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை முடிந்துவிட்டார். யாரோ ஒருவர் போட்டோ எடுத்தார். நீங்கள் முடிச்சை மறந்து கவுனை என்னிடம் தந்தீர்கள். என் மனைவி அன்று ராத்திரியே குழம்பு வைத்துவிட்டாள். மறுநாள் நீங்கள், "இன்னாய்யா, கேசுல தோத்துட்டு என் ஃபீஸத் துன்னுட்டியா?" என்று சங்கமே அதிரக் கத்தினீர்கள்.

நாளை திறக்கும் படம் அந்தப் போட்டோதானாம். முனையில் முடிச்சுகூடத் தெரிகிறது என்கிறார்கள். அது யாருடைய கவுன் என்று சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம், அண்ணே. எல்லாரையும் கவுனோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கையில் மடித்துக்கொண்டுதான் வருவேன். நீங்கள் போட்டிருக்கும்போது நான் எப்படிப் போடுவது?