வலது விளக்கில் தண்ணீர்

என் மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் நலம் என்று எழுதினாலும் நீ நம்பப்போவதில்லை. சாப்பிடுகிறேன், தூங்கப் பார்க்கிறேன், அவ்வளவுதான். போன் போட்டால் உன் அம்மாதான் எடுக்கிறார்கள். நீ குளிக்கிறாய் என்கிறார்கள். ஒரு மனுஷி எத்தனை தடவை குளிப்பாள்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் படிப்பு உனக்குத் தெரியும். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

கார் விஷயம்தான். விற்றுவிடுங்கள், என் கண்ணில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினாய். நானும் சரி என்றுதான் இருந்தேன். வாசலில் நிற்கிறது. என் பிள்ளையை அடித்துப் போட்ட லாரி அதன் மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை. ஜன்னலைத் திறந்தால் தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

ஒரு நாள் மழை விட்ட காலையில் பார்த்தால் வலது பக்க முன்விளக்குக் கண்ணாடி வெள்ளை பூத்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதுதான் உறைத்தது, ஈரம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. நம் பிள்ளை இதைச் சொல்லித்தானே இரண்டு தடவை ஷோரூமுக்குப் போனான். எல்லா வண்டியிலும் வரும் சார், ஓட்டினால் போய்விடும் என்று திருப்பி அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா?

வாரண்டி அடுத்த மாதத்தோடு முடிகிறது என்றார் பக்கத்து வீட்டு வேன்காரர். விட்டால் போச்சு, வாங்கக்கா போய்க் கேட்போம் என்று அவரே ஓட்டி வரச் சம்மதித்தார். நான் ஒரு காரியம் செய்தேன், கேள். போகிற இடத்தில் அழுக்கு வண்டி என்று ஒருவன் சொல்லக்கூடாது என்று காரைக் கழுவித் துடைத்தேன். விளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை வேன்காரரைக் கழற்றச் சொல்லி, நீ விட்டுப்போன முடி காயவைக்கும் மெஷினால் உள்ளே சூடு காட்டினேன். விளக்கு பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே திருப்தி.

ஷோரூம் தம்பி குனிந்து பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எங்கேம்மா ஈரம் என்றான். காய வைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன் என்றேன். ஈரத்தோடு கொண்டு வந்தால்தானேம்மா கிளெய்ம் போட முடியும் என்றான். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பும்போது வழியெல்லாம் வேன்காரர் புலம்பல். ஏன்க்கா, காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுத்து காய்ச்சலை இறக்கிவிட்டப்புறமா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு சிரித்தது அதுதான். வீட்டுக்கு வந்து அதற்கும் சேர்த்து அழுதேன்.

அப்புறம் மழைக்குக் காத்திருந்தேன். மழை வந்ததும் காரை மூடியிருந்த தார்ப்பாயை உருவிப் போட்டேன். நனையட்டும் என்று விட்டேன். விடிந்து பார்த்தால் விளக்குக்கு உள்ளே முத்து முத்தாகத் துளி, அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கையால் தொடக்கூட இல்லை. அப்படியே கொண்டுபோனோம்.

அந்தத் தம்பி விளக்குக்கு மூச்சு விடத் துளை உண்டும்மா, கொஞ்சம் பனி மாதிரி படியறது சகஜம் என்று மறுபடியும் ஆரம்பித்தான். மூச்சு விடட்டும்ப்பா, இதற்குள் மீன் வளர்க்கலாம் போலிருக்கே, இதுவும் சகஜமா என்று கேட்டேன். அவன் உள்ளே போய்த் தன் மேலாளரைக் கூட்டி வந்தான். அவர் விளக்கைக் கழற்றச் சொல்லி, மேஜை மேல் வைத்துச் சாய்த்தார். தண்ணீர் ஓடி மேஜை விளிம்பில் சொட்டியது. கண்ணாடியை ஒட்டுகிற பசை ஒரு மூலையில் பிடிக்கவே இல்லையாம். இது செய்யும்போதே வந்த குறைதாம்மா என்று ஒத்துக்கொண்டார்.

இவ்வளவு தண்ணீர் இருந்தால் ராத்திரியில் பாதை தெரியுமா என்று கேட்டேன். எங்கே தெரியும், வெளிச்சம் சிதறிப்போகும், எவ்வளவு கெட்டிக்கார டிரைவரா இருந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கித்தான் பார்த்தாகணும் என்றார்.

இன்னொரு தடவை சொல்லுங்க, யாரும் சொல்லாவிட்டாலும் இறங்கித்தான் ஆகணுமா என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சொன்னார். யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இறங்கித்தான் ஆகணும்மா என்றார். வேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உனக்காகத்தான் கேட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நீ என் காலைப் பிடித்துக்கொண்டு, போனில் பேசும்போது விளக்கு மங்குதுன்னாரு, நான்தான் அத்தை இறங்கித் துடைச்சிட்டு வாங்கன்னு சொன்னேன், நான்தான் சொன்னேன் என்று கத்தினாய். உனக்கு என்ன சொல்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. நீ சொன்னதால் அவன் இறங்கவில்லை. பாதை தெரியாமல் இறங்கினான். அந்த மேஜையில் சொட்டிய தண்ணீரை நான் கண்ணால் பார்த்தேன். நான் சொன்னது காதில் விழுந்ததா? திரும்ப ஒரு தடவை படி.

புது விளக்கு இலவசமாகவே போட்டுத் தருகிறார்களாம். ஆனால் வண்டி அவன் பெயரில் இருப்பதால் அவன் மனைவிதான் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். பெற்றவள் கையெழுத்து செல்லாதாம். யாருக்குத் தெரியப்போகிறது, நீங்களே மருமகள் பேரைக் கிறுக்கிடுங்க அக்கா என்றார் வேன்காரர். எனக்கு மனசு வரவில்லை. விளக்கு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. காற்று அடித்தால் அந்தத் தாள் படபடக்கிறது.

வந்து ஒரு கையெழுத்துப் போடு. அதற்கப்புறம் காரை விற்பாயோ வைத்துக்கொள்வாயோ, உன் இஷ்டம். நீ திரும்பிப் போவதாக இருந்தாலும் நான் தடுக்க மாட்டேன்.

வீடு முழுக்கக் கூட்டித் துடைத்துவிட்டேன். உங்கள் அறையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அலமாரிக் கண்ணாடியில் அவன் விரல் பதிந்த தடம் இருக்கிறது. எதைத் துடைக்கலாம், எதைத் துடைக்கக்கூடாது என்று எனக்கு இப்போது தெரியவில்லை. நீ வந்து சொன்னால்தான் உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நல்லா இருக்கணும். வருகிற அன்றைக்கு விடிந்ததும் புறப்படு. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடு, கண்ணு.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அத்தை