மாடி வீட்டுக் கதவு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா ஆசியோடு சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் கொதிக்கிறது, அதற்குக் காரணம் நீ. போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதச் சொல்கிறேன், முழுக்கப் படி.

செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது உன் புரோக்கர் வீடு பார்க்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மாடி வீட்டு மாற்றுச் சாவியைக் கேட்டிருக்கிறான். உன் தங்கை தயங்கி நிற்க, போனை அவள் காதில் வைத்தானாம். நீ என்ன சொன்னாய்? "என் வீடு, என் சாவி. குடுடி, சும்மா பாத்துட்டு வந்துடுவாங்க." வெளியாள் முன்னால் வாயே திறக்காத பெண், கொடுத்துவிட்டாள். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள் என்று உனக்குத் தெரியாதா? கண் விழித்தால் கட்டில் பக்கத்தில் மூன்று ஆண்கள், ஒருவன் அலமாரியைத் திறந்து ஆழம் பார்க்கிறான். அவள் அலறியதில் எதிர்வீட்டு மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தார். உன் புரோக்கர் சொன்ன சமாதானத்தைக் கேள், "தூங்குறவங்கள எழுப்ப வேணாம்னுதான் மெதுவா வந்தோம்." நான் அங்கே இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

வாடகைக்கு விட்ட பிறகு சுவர்தான் உன்னுடையது, உள்ளே இருப்பது அவள் குடித்தனம். பார்க்க வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லி, அவள் சரி என்ற நேரத்தில்தான் போக வேண்டும். இது நான் போட்ட சட்டமில்லை, நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வக்கீலம்மாவிடமும் கேட்டுவிட்டேன். வேறு ஆளை வைக்க ஆசையென்றால் எழுத்தில் சொல்லி அவகாசம் கொடு. குளியலறை ஹீட்டர் ஷாக் அடிக்கிறது என்று அவள் எத்தனை தடவை சொன்னாள், அதற்கு ஆள் அனுப்ப நேரமில்லாதவனுக்குப் படுக்கையறைக்கு ஆள் அனுப்ப மட்டும் நேரம் கிடைத்ததா? எலக்ட்ரீஷியனை நானே கூப்பிட்டேன், அவளைக் கேட்டு, அவள் வீட்டில் இருக்கும்போது. பூட்டையும் மாற்றி எல்லாச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

நேற்று அவள் இறங்கி வந்து, "கண்ண மூடினா தூக்கம் வரலம்மா, வேற வீடு பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். போலீசுக்குப் போகிறேன் என்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உன் தங்கை அந்தச் செவ்வாய்க்கிழமையே படியேறிப் போய், கதவைத் தட்டி, நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு இருந்த தைரியம் உனக்கு இல்லையா? உனக்காக நான் கேட்க மாட்டேன், நீயே கேள். அதுவரை என்னைக் கூப்பிடாதே. அவள் இருப்பதும் போவதும் அவள் இஷ்டம், போனாலும் நீ மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நூறு வயசு நல்லா இரு. மறக்காதே, அவளைச் சாயங்காலத்துக்கு மேல் கூப்பிடு. பகலில் கொஞ்சமாவது தூங்கட்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா